தங்கராஜ் அண்ணனின் சுகப்பிரசவம்

ஜெபத்தில் ஒரு தப்பு நேர்ந்தால் ஆண்டவர் அதைத் திருத்திக் கேட்டுக்கொள்வார். அதே தப்பு மைக்கில் நேர்ந்தால் சபை அதைத் திருத்தவும் செய்யாது, மறக்கவும் செய்யாது. இதை நான் ஏழு வருடங்களுக்கு முன், இருபத்து நான்காம் வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சுமார் மூன்று நிமிடங்களில் கற்றுக்கொண்டேன்.

நான் எலெக்ட்ரிக்கலில் டிப்ளமா படித்தவள். எங்கள் தீவில், ஹேடோ துறைமுகத்தில் கப்பல்களைப் பழுது பார்க்கும் ஒரு பட்டறையில் வேலை. பட்டியல் போடாமல் எனக்கு எதுவும் ஓடாது. கடைக்குப் போக ஒன்று, கடல் தாண்டி மெயின்லேண்டுக்குப் போக ஒன்று. (அம்மாவோடு சண்டை போடுவதற்குக்கூட ஒருமுறை குறிப்பு எழுதி வைத்திருந்தேன். மூன்றாவது குறிப்புக்கு வருவதற்குள் அம்மா ஜெயித்துவிட்டாள்.)

விசுவாசத்திலும் அப்படித்தான், எல்லாம் ஒழுங்காக, சத்தமில்லாமல். பட்டறையில் டிபன் டப்பாவைத் திறக்கும்போது சாப்பாட்டுக்காக ஜெபிப்பேன். ஆனால் பக்கத்தில் யாராவது இருந்தால் கண்ணில் தூசி விழுந்தது போலக் கசக்கிக்கொண்டே ஜெபிப்பேன். ஆறு மாதம் கழித்து எங்கள் வெல்டர் பிஸ்வாஸ் எனக்குக் கண் சொட்டு மருந்து வாங்கி வந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். உண்மையைச் சொல்லவில்லை.

எனக்கு நேர் எதிர் மெர்சி அக்கா. கராச்சர்மாவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார், வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறார். டவுன் பஸ்ஸில் ஏறியதும் முதல் வேலையாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே, இந்த பஸ்ஸையும் டிரைவரையும் பிரேக்கையும் ஆசீர்வதியும்" என்று உரக்கச் சொல்வார்.

கண்டக்டர் பெங்காலி. "தீதி, பிரேக் டீக் ஹை. கல் ஹி ரிப்பேர் ஹுவா," என்பார். (நேற்றுதான் பிரேக்கைப் பழுது பார்த்தார்களாம்.)

"ரிப்பேர் பண்ணாலும் பிரார்த்தனா சாஹியே, பையா!"

"அச்சா, ஆமென். டிக்கெட்?"

நான் நான்கு இருக்கை தள்ளி உட்கார்ந்து, இந்த அம்மாளை எனக்குத் தெரியவே தெரியாது என்ற முகத்தோடு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன். அக்கா விடமாட்டார். "ஜெனி பாப்பா! அங்க என்ன பாக்குற? நீயும் ஒரு ஆமென் போடு!" மொத்த பஸ்ஸும் திரும்பும்.

ஒருநாள் அந்தக் கண்டக்டர் டிக்கெட் கொடுத்து முடித்ததும் அக்கா பக்கத்தில் வந்து நின்றார். மகளுக்கு நான்கு நாளாகக் காய்ச்சல், கொஞ்சம் ஜெபம் பண்ணுங்கள் என்றார். டிக்கெட் கட்டைக் கையில் பிடித்தபடி, ஓடுகிற பஸ்ஸில், தலையைக் குனிந்து நின்றார். அக்கா அவருக்குப் புரிகிற ஹிந்தியில், இலக்கணம் எல்லாம் உடைந்துபோக, அந்தக் குழந்தைக்காகக் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

அன்று வேலை செய்துகொண்டே யோசித்தேன். என்னிடம் யாரும் இதுவரை அப்படி வந்து கேட்டதில்லை. எப்படிக் கேட்பார்கள்? எனக்குக் கண்வலி என்றல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்! அக்காவைப் போல வாய் திறந்து பேச என்னால் முடியாது. ஆனால் அட்டவணை போட முடியும்.

அட்டவணைக்குத் தேவையும் இருந்தது. எங்கள் தமிழ்ச் சபை கூடுவது ஷாதிபூர் மேட்டில், தகரக் கூரை போட்ட ஒரு கோயிலில். (நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். எங்களுக்குச் சர்ச் என்றால் கோயில், போதகர் என்றால் ஐயர்.) ஆராதனையில் சபையார் கொடுக்கும் விண்ணப்பங்களைச் சொல்லி ஜெபிப்பது வழக்கம். அதுவரை எல்லாரும் துண்டுச் சீட்டில் எழுதி ஐயர் கையில் திணிப்பார்கள். அதில் நான் கண்ட குறைகள்: சீட்டு தொலைகிறது, கையெழுத்து புரிவதில்லை, கடைசியில் வாசிக்கப்பட்ட பெயருக்கு உரியவர் இரண்டு வாரம் ஐயரிடம் பேசுவதில்லை. ஆகவே கம்ப்யூட்டரில் ஒரு விண்ணப்பப் பதிவேடு தயார் செய்கிறேன் என்றேன். ஒரு பக்கம் பெயர், எதிரே விண்ணப்பம்.

"கம்ப்யூட்டர்ல போட்டா ஆண்டவருக்குச் சீக்கிரம் போய்ச் சேருமோ?" என்று கேட்டார் ஐயர்.

"தப்பில்லாமல் போய்ச் சேரும், ஐயரே," என்றேன். (இந்த வாக்கியத்தை அவர் இன்றுவரை எனக்கு ஞாபகப்படுத்துகிறார்.)

"அப்போ நீயே மைக்ல வாசிச்சு ஜெபிச்சிரு," என்று சொல்லிவிட்டார். அட்டவணை போடுவது சரி, அதை நூறு பேர் முன்னால் வாசிக்க வேண்டும் என்பதை நான் திட்டத்தில் சேர்த்திருக்கவில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். மெர்சி அக்கா என்னைக் கட்டிப்பிடித்து, "வாய் திறந்துட்டா என் பாப்பா!" என்று தெருவுக்கே சொன்னார்.

செய்தி பரவியது. கமால் பாய் கடையில் சாமான் வாங்கப் போனபோது அவரும் கேட்டார். "ஏம்மா, நம்ம பேரையும் ஒரு வரி சேத்துக்கோயேன். மெயின்லேண்ட் கப்பல் லேட்டு. வெங்காயம் மூட்டை மூட்டையா உள்ள கெடக்கு. அழுகாம வந்து சேரணும்." எழுதிக்கொண்டேன்.

அந்த வாரத்தின் முக்கியமான விண்ணப்பம் மெர்சி அக்காவுடையது. அதைச் சொல்ல அவருடைய கணவர் தங்கராஜ் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தங்கராஜ் அண்ணன் ஹேடோ ஜெட்டியில் கப்பல் சரக்கு இறக்கும் கிரேன் ஓட்டுகிறவர். ஒரு காலத்தில் எங்கள் பாடகர் குழுவின் அடித்தொண்டைக் குரல் அவர்தான். அப்போது குடியும் இருந்தது. அந்த வாரத்துக்குப் பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு சபைக் கூட்டத்தில், செயலாளர் செல்லத்துரை அண்ணாச்சி முடிவு ஜெபம் செய்தார். எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். "ஆண்டவரே, ஞாயிற்றுக்கிழமை உம்மைப் பாடுகிற வாய் ஒன்று, மற்ற நாட்களில் எந்த வாசனையோடு இருக்கிறது என்று நீர் அறிவீர்," என்று வேண்டினார். ஆண்டவர் மட்டுமா அறிவார்? எல்லாருக்கும் தெரிந்தது. முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை ஜெபத்தில் வைத்துக் குத்துவது எங்கள் ஆட்களுக்குக் கைவந்த கலை. எதிர்த்துப் பேசவும் முடியாது, ஏனென்றால் அவர் உங்களிடம் பேசவில்லை, ஆண்டவரிடம் பேசுகிறார்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது அண்ணனின் இடம் காலியாக இருந்தது.

அந்த வருடமே அவர் குடியை விட்டுவிட்டார். கோயிலுக்கு மட்டும் திரும்பவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அக்காவை ஸ்கூட்டரில் கொண்டுவந்து கேட்டில் இறக்கிவிட்டு, ஆராதனை முடியும்வரை எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். உள்ளே பாட்டு வரும்போது டீ கிளாஸைக் கீழே வைத்துவிடுவார் என்று கடைக்காரர் அக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த ஞாயிறு அவர்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாள். புடவை வேண்டாம், கோயிலுக்கு வாருங்கள் என்று அக்கா கேட்டிருந்தார். அண்ணன் ஒப்புக்கொண்டார். நிபந்தனையைச் சொல்ல என் வீட்டுக்கே வந்தார்.

"ஜெனி, நீதான் மைக்ல ஜெபிக்கப் போறியாமே. எனக்கு முதுகுவலி. அதுக்கு வேணா ஜெபிச்சிக்கோ. முதுகைத் தாண்டி ஒரு வார்த்தை போச்சுன்னா எந்திரிச்சுப் போயிருவேன். அப்புறம் உங்க அக்கா அழுதாலும் சரி, அந்தப் பக்கமே வரமாட்டேன்."

"முதுகு மட்டும்தான் அண்ணே," என்றேன்.

அவர் போனபிறகு, கூடவே வந்திருந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் கேட்கும் அந்தக் குரல் இல்லை. "பாப்பா, பதினோரு வருஷம். கெடுத்துராத."

பதிவேட்டின் முதல் வரியில் எழுதினேன்: தங்கராஜ் அண்ணன், முதுகுவலி. அதன்பின் மற்றவர்கள். எஸ்தர் அம்மாள், கண்புரை ஆபரேஷன். கமால் பாய், வெங்காயக் கப்பல். தூத்துக்குடியில் இருக்கும் ராபின், குடியிலிருந்து விடுதலை (அவருடைய அக்கா கொடுத்தது). ஷீபா, ஏழாம் மாதம், சுகப்பிரசவம். பாடகர் குழு கிரேஸ், நல்ல வரன். கடைசியாக செல்லத்துரை அண்ணாச்சி, பணி ஓய்வு பெறுவதற்காக நன்றி.

ஏழு வரி. அதோடு விட்டிருக்கலாம். சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு ஒரு நியாய உணர்ச்சி வந்தது. யார் முதல், யார் கடைசி என்ற புகார் வரக்கூடாது, பெயர்களை அகர வரிசையில் அடுக்குவோம். பெயர்கள் இருந்த நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்தேன். அடுக்கு என்றேன். கம்ப்யூட்டர் ஏதோ ஒரு கேள்வி கேட்டது. அவசரத்தில் சரி என்று அழுத்தினேன்.

பெயர்கள் அழகாக வரிசையில் வந்து நின்றன. எதிரே இருந்த விண்ணப்பங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. தொழில் தெரிந்த எவரும் இதை ஒருமுறை சரிபார்ப்பார்கள். நான் எழுத்துப் பிழையை மட்டும் சரிபார்த்தேன். பிழை ஒன்றுகூட இல்லை.

ஞாயிறு காலை. தங்கராஜ் அண்ணன் கடைசிக்கு முந்தின பெஞ்சில், வெள்ளைச் சட்டையில், வாசலுக்குப் பக்கத்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அக்கா. முதல் பெஞ்சில் செல்லத்துரை அண்ணாச்சி, மனைவியோடு. நான் அச்செடுத்த தாளோடு மைக் முன் நின்றேன். சபை கண்ணை மூடியது.

"சகோதரி எஸ்தர் அம்மாளின் முதுகுவலியைத் தொட்டுச் சுகமாக்கும்."

"ஆமென்."

எழுபத்தெட்டு வயதில் யாருக்குத்தான் முதுகு வலிக்காது? எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

"சகோதரர் கமால் பாயின் கண்புரை ஆபரேஷனை வாய்க்கப்பண்ணும்."

"ஆமென்."

இங்கே லேசாக ஏதோ இடித்தது. பாய்க்கு மூட்டையில் இருக்கும் பொடி எழுத்தெல்லாம் தெரியுமே? ஆனால் வாய் அடுத்த வரிக்குப் போய்விட்டது.

"சகோதரி கிரேஸ் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வருகிறபடியால், வழியில் அழுகிப்போகாமல், மூட்டை மூட்டையாக ஹேடோவில் வந்து இறங்க உதவி செய்யும்."

"ஆமென்" என்று பாதிச் சபை சொன்னது. மீதிப் பாதி யோசித்தது. பாடகர் பெஞ்சில் புதுப் புடவையில் இருந்த கிரேஸ் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாள்.

அப்போதுதான் என்ன நடந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. என் முன் இருந்த வழிகள். ஒன்று, நிறுத்துவது: பாதி ஜெபத்தில் ஆண்டவரைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. இரண்டு, திருத்துவது: எது யாருடையது என்பது இருக்கட்டும், அந்த நேரத்தில் என் பெயரே எனக்கு ஞாபகமில்லை. மூன்று, மயங்கி விழுவது: இதை நான் உண்மையாகவே பரிசீலித்தேன். பரிசீலித்துக்கொண்டிருக்கும்போதே வாய், பழக்கதோஷத்தில், நான்காவது வரியை வாசித்துவிட்டது.

"சகோதரர் செல்லத்துரையை இருபது வருடக் குடியின் அடிமைத்தனத்திலிருந்து விடுவியும். அவருடைய குடும்பத்தார் சிந்துகிற கண்ணீரைப் பாரும்."

செல்லத்துரை அண்ணாச்சி டீயே அரை கிளாஸ்தான் குடிப்பார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரே ஒரு "ஆமென்" வந்தது. அரைத் தூக்கத்தில் இருந்த என் அப்பா.

சமாளிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "ஆண்டவரே, அது அவர் இல்லை, நீர் அறிவீர்," என்றேன். அண்ணாச்சியே அன்று சொன்ன அந்த "நீர் அறிவீர்" என்பதைவிட மோசமான இரண்டு வார்த்தைகளை நான் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. பதற்றத்தில் கண் அடுத்த வரியில் விழுந்தது. கண் விழுந்த இடத்தை வாய் படித்தது.

"சகோதரர் தங்கராஜுக்கு இது ஏழாம் மாதம். தாயும் பிள்ளையும் நலமாயிருக்க, சுகப்பிரசவத்தைக் கட்டளையிடும்."

முதுகைத் தாண்டக்கூடாது என்றிருந்தார். நான் தாண்டி வயிற்றுக்கே போய்விட்டேன்.

மீதி இரண்டு வரியை நான் வாசிக்கவில்லை. (வாசித்திருந்தால் தூத்துக்குடி ராபினுக்கு நல்ல மணவாளனும், கர்ப்பிணி ஷீபாவுக்குப் பணி ஓய்வும் கிடைத்திருக்கும்.) "மீதியை நீரே பார்த்துக்கொள்ளும், ஆமென்," என்று முடித்துக் கண்ணை உயர்த்தினேன்.

தங்கராஜ் அண்ணன் எழுந்து நின்றுகொண்டிருந்தார். ஒரு கை பெஞ்சின் முதுகில். அக்கா அவர் சட்டை நுனியைப் பிடித்திருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தார்.

"ஐயரே, ஒரு நிமிஷம்."

முன்னாலிருந்து வந்த குரல். செல்லத்துரை அண்ணாச்சியும் எழுந்து நின்றார். கழுத்துவரை சிவந்திருந்தது.

"நான் குடிக்கிறதில்ல. இங்க எல்லாருக்கும் தெரியும்."

"தெரியும் அண்ணாச்சி, உக்காருங்க. கம்ப்யூட்டர் தப்பு," என்றார் ஐயர். (கம்ப்யூட்டர் பாவம்.)

"உக்கார மாட்டேன்." வாராவாரம் அறிவிப்பு வாசிக்கிற அதே குரல்தான், ஆனால் கையில் தாள் இல்லை. "இந்தப் புள்ள படிச்சது அரை நிமிஷம். தப்புன்னு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அப்பவும் என் முதுகுல நூறு கண்ணு குத்துன மாதிரி இருந்துச்சு. எந்திரிச்சு ஓடிரலாமான்னு இருந்துச்சு." திரும்பி, பின்னால் நின்றவரைப் பார்த்தார். "உனக்கு நான் பண்ணும்போது அது தப்புகூட இல்ல, தங்கராஜு. நெசம். நெசத்தை ஆண்டவர்கிட்ட சொல்ற மாதிரி ஊருக்குச் சொன்னேன். பதினோரு வருஷமா நீ வெளிய டீக்கடையில இருந்த. நான் உள்ள முதல் பெஞ்சுல உக்காந்து பாட்டுப் பாடிக்கிட்டு இருந்தேன். மன்னிச்சிரு டே."

இவ்வளவு பேர் முன்னால், தன் பெயரோடு, தன் குற்றத்தைத் தானே சொல்கிற ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என்னிடம் மைக்கும் தாளும் இருந்தன. அவர் மைக்கே இல்லாமல் நின்றார்.

தங்கராஜ் அண்ணன் வாசலிலிருந்து கண்ணை எடுத்து அண்ணாச்சியைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ஆட்டும் அண்ணாச்சி. நீங்க உக்காருங்க. நானும் உக்காரணும்." வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டார். "ஏழாம் மாசம் பாருங்க, ரொம்ப நேரம் நிக்கக்கூடாதாம்."

சிரிப்பில் முதலில் வெடித்தது செல்லத்துரை அண்ணாச்சியின் மனைவி. "சிந்துகிற கண்ணீர்" என்ற இடத்திலிருந்தே அந்த அம்மாள் முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாராம். அப்புறம் மொத்தக் கோயிலும். உண்மையான கர்ப்பிணி ஷீபா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, யாராச்சும் நிறுத்துங்க, எனக்கு இங்கேயே பிரசவம் ஆயிரும்," என்றாள். ஐயர் வேறு வழியில்லாமல் ஒரு பாட்டை அறிவித்தார்.

இரண்டாவது அடியில், பின்னாலிருந்து அந்தக் குரல் சேர்ந்தது. பதினோரு வருடம் சும்மா கிடந்த அடித்தொண்டை. முதலில் துருப்பிடித்த மாதிரிதான் இருந்தது. மூன்றாவது அடியில் தகரக் கூரை அதிர்ந்தது. பஸ்ஸின் பிரேக்கைக்கூட விடாமல் ஆசீர்வதிக்கிற மெர்சி அக்கா, அன்று வாயைத் திறக்கவே இல்லை. பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிரேஸ் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. கமால் பாய் கடைக்குப் போனதும், "நம்ம கண்ணு ஆபரேஷனுக்கு ஜெபிச்சியாமே? கண்ணு நல்லாத்தான் இருக்கு. வெங்காயத்தை என்னம்மா பண்ணுன?" என்றார்.

"அது கிரேஸுக்குப் போயிருச்சு பாய்."

"பரவால்ல, கப்பல் வந்துருச்சு. ரெண்டு மூட்டைதான் அழுகல்," என்று இரண்டு வெங்காயத்தைக் கூடவே போட்டுக் கொடுத்தார்.

பதிவேட்டை மூடிவிட்டேன். ஆனால் அவ்வளவு பெரிய அவமானத்துக்குப் பிறகு சின்ன வெட்கங்கள் எல்லாம் எங்கோ போய்விட்டன. திங்கட்கிழமை டிபன் டப்பாவைத் திறந்து, கைகூப்பி, கண்ணை முழுதாக மூடினேன். திறந்தபோது பிஸ்வாஸ் தன் ரொட்டியைத் தொடாமல் காத்துக்கொண்டிருந்தார். "கண்ணு சரியாயிருச்சா?" என்று ஹிந்தியில் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்து முடித்தபிறகு, அவருடைய அம்மாவுக்காகவும் ஒரு வார்த்தை கேட்கச் சொன்னார்.

மைக் தங்கராஜ் அண்ணன் கைக்குப் போனது. அவர் தாள் எதுவும் வைத்துக்கொள்வதில்லை. போன வருடம் எனக்கு ஏழாம் மாதம் நடந்தபோது, என் பெயர் வந்ததும் அவர் கொஞ்சம் நிறுத்தினார்.

"ஆண்டவரே, முன்னால ஒருதரம் எனக்குன்னு ஒரு சுகப்பிரசவம் கேட்டாங்க. நான் அதை இன்னும் உபயோகிக்கல. அதை அப்படியே எங்க ஜெனிக்கு மாத்திக் குடுத்துரும்."

சபை அன்று சொன்ன ஆமென், எதிர் டீக்கடைவரை கேட்டதாம்.

சுகப்பிரசவம்தான், பெண் குழந்தை. ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் அண்ணன் அவளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, கோயிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் காட்டுகிறார். "என் வயித்துல பொறக்க வேண்டிய பிள்ளை இது," என்கிறார். அவர்கள் திகைத்துப்போய் என்னைப் பார்க்கிறார்கள். நான் முதலிலிருந்து கதையைச் சொல்ல ஆரம்பிக்கிறேன்.